செவலைக்கு வேட்டுச் சத்தம் ஆகாது

யுத்தம் முடிந்த வருஷத்துத் தீபாவளிக்குத்தான் எங்கள் ஊரில் மறுபடியும் வேட்டுச் சத்தம் கேட்டது. அதற்கு முந்திய சில வருஷங்களாகத் தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியலும் பணியாரமும் மட்டும்தான். வெடிமருந்தெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதாகப் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். மண்ணெண்ணெய், சீனி, நல்ல துணி எல்லாமே பட்டாளத்துக்குப் போயிருந்த காலம். அதோடு சேர்ந்து வேட்டும் போனதில் யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு வெடியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு நாய் செவலையும் பார்த்ததில்லை. அது யுத்தத்துக்கு நடுவில் பிறந்த நாய்.

செவலை கோம்பை நாய். எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து மேற்கு மலையைப் பார்க்கப் போனால், அடிவாரத்தில் கோம்பை வரும். அந்த ஊருக்கென்றே ஒரு நாய் ஜாதி உண்டு. செம்மண் நிற உடம்பு, கரியில் முக்கி எடுத்தது போன்ற வாய், மனிதர்களைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் இல்லாத கண்கள். செவலையைக் குட்டியாகப் பெரியப்பா தோள்துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக் கொண்டுவந்தாராம். எனக்கு விவரம் தெரிந்தபோது அது என் இடுப்பைத் தாண்டி வளர்ந்திருந்தது. தபால்காரர் தெருமுனையிலேயே நின்று, "நாயப் பிடிங்கய்யா!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். கரும்புக்குள் புகுந்த காட்டுப்பன்றி ஒன்றை, ஆட்கள் வந்து சேரும்வரை அசையவிடாமல் நிறுத்தி வைத்த நாய் என்று ஊருக்குள் பெயர். பன்றியின் பல் கிழித்த தழும்பு அதன் விலாவில் நீளமாக ஓடியது. நான் அதைத் தடவிப் பார்ப்பேன். பெரியப்பாவுக்கு அடுத்தபடி அதைத் தொடும் உரிமை வீட்டில் எனக்குத்தான் இருந்தது. அந்த உரிமையைப் பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

பெரியப்பா என்பது அப்பாவின் அண்ணன். அவரும் பெரியம்மாவும், அப்பாவும் அம்மாவும், நானும், கைக்குழந்தையாக இருந்த தம்பியும் ஒரே வீட்டில் ஒரே உலைச் சோறு சாப்பிட்டோம். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்று தகராறு முற்றி, இரண்டு பக்கமும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, அவர் போய் மடைமேல் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிகள் தாமாகக் கீழே இறங்கிவிடும். இதை நானே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். செவலையைப் போல இவரும் கோம்பையிலிருந்து கொண்டுவரப்பட்டவரோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது.

அப்பா அவருக்கு நேர்மாறு. பேச்சும் சிரிப்புமாக இருப்பவர். அண்ணன் வீட்டுக்குள் நுழையும் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொள்வார். அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் காலையில் அவர் சின்னமனூர்க் கடைத்தெருவுக்குப் போய், ஒரு பெரிய காகிதப் பொட்டலத்தோடு திரும்பினார். அதை முற்றத்தில் வைத்து, ஏதோ கோயில் நகையை அவிழ்ப்பதுபோல அவிழ்த்தார். ஓலை வெடி, சரம், சிவப்புத் தாள் ஒட்டிய பருமனான வெடிகள். எனக்குக் கையால் தொடவே பயமாக இருந்தது.

"ஒண்ணு வச்சுப் பாத்துருவோம்," என்றார் அப்பா.

"நாளைக்குத்தான தீவாளி?" என்றாள் அம்மா.

"ஐப்பசி மழ பேஞ்சுக்கிட்டுக் கெடக்கு. நமுத்துப் போயிருந்தா நாளைக்கு ஊருக்கு முன்னால மானம் போயிரும்ல?"

"அவுக வயல்ல இருந்து வந்துரட்டும். ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வைங்க."

அண்ணனைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிவப்பு வெடியில் ஒன்றை எடுத்து முற்றத்து மண்ணில் நட்டு, அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிவந்தார். நான் தூணைக் கட்டிக்கொண்டேன்.

அது நமுத்துப் போயிருக்கவில்லை.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அது காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் அடுத்து நடந்தது. அந்தச் சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டி, வயல்களைத் தாண்டி மேற்கே போய், மலையில் மோதி, அங்கிருந்து இன்னொரு வெடியாகத் திரும்பி வந்தது. மலை எங்களுக்குப் பதில் சொன்னதாக நான் நினைத்தேன். வாயைப் பிளந்துகொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவலைக்கும் அது இரண்டு வெடியாகத்தான் கேட்டிருக்கும். முதலாவது முன்னாலிருந்து, இரண்டாவது முதுகுக்குப் பின்னாலிருந்து. அதை மாட்டுத் தொழுவில் முளைக்குச்சியில் கட்டியிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அது குச்சியைப் பிடுங்கிவிட்டிருந்தது. சங்கிலியும் குச்சியும் தரையில் இழுபட, முற்றத்தைக் குறுக்கே கடந்து ஓடியது. என் பக்கத்தில்தான் ஓடியது. "செவலை!" என்று கத்தினேன். அது என்னைப் பார்த்தது. ஆனால் அந்தக் கண்ணில் நான் இல்லை. பன்றியை நிறுத்திய நாயின் வால் இரண்டு கால்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தாவிக் குதித்து வயல் பக்கம் போய்விட்டது.

பெரியப்பா வந்தபோது அப்பா தொழுவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெரியப்பா முளைக்குச்சி இருந்த குழியைப் பார்த்தார். பிறகு முற்றத்தில் சிதறிக் கிடந்த சிவப்புத் தாள்களைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே வச்சேன்," என்றார் அப்பா.

"எந்தப் பக்கம் போச்சு?"

அப்பா கிழக்கே கை காட்டினார். பெரியப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் திரும்பி வாய்க்கால் கரையைப் பார்த்து நடந்தார். அப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். "பிள்ளைய எதுக்குக் கூட்டிட்டுப் போறீக?" என்று அம்மா கேட்டதற்கு, "இவ கூப்பிட்டா வரும்," என்று ஓடிக்கொண்டே சொன்னார். அண்ணனோடு தனியாகப் போவதற்கு அவருக்குத் துணை தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் போகம் அறுத்து முடிந்த வயல்களில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. செவலை எங்கும் தென்படவில்லை. சங்கிலி இழுபட்ட தடம் மட்டும் சேற்றில் கொஞ்ச தூரம் பாம்பு போனதுபோலத் தெரிந்து, தண்ணீரில் இறங்கி மறைந்துவிட்டது. கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அங்கிட்டுப் போகாதீக. வெறிநாய் ஒண்ணு சங்கிலியோட ஓடுது. வாயெல்லாம் நொர. கீழத்தெரு ஆம்பளைக கம்பெடுத்துக்கிட்டுப் போயிருக்காக."

பெரியப்பா ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டக்கூட நிற்கவில்லை. அப்பா என்னைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தார்.

வண்டிப்பாதைக்கு அடியில் வாய்க்கால் தண்ணீர் போவதற்காகக் கல்லால் கட்டிய ஒரு தூம்பு உண்டு. ஒரு ஆள் குனிந்துகூட நுழைய முடியாத குறுகல். அதன் இரண்டு வாயிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் கம்பு, கல். ஒருவர் வேல்கம்பே வைத்திருந்தார். உள்ளே இருட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்துகொண்டிருந்தது. அது செவலையின் குரல் என்று எனக்கு முதலில் தெரியவே இல்லை.

"கிட்டப் போகாதீக," என்றார் வேல்கம்புக்காரர். "வெறி ஏறியிருக்கு. தீவாளிக்குப் பிள்ளைக வெளிய திரியும். இங்கனயே முடிச்சு விட்டுருவோம்."

"அது என் நாய்," என்றார் பெரியப்பா.

"உங்க நாயா இருந்தா? வெறிக்கு ஆள் தெரியுமா? கடிச்சா உசுரு தப்பாதுண்ணே."

பெரியப்பா தூம்பின் வாய்க்கு முன்னால் போய் நின்றார். பிறகு அந்தச் சேற்றில் முழங்காலிட்டார். அப்புறம் குப்புறப் படுத்தார். எந்த மனிதர் முன்னாலும் தலை குனியாதவர் என்று நான் நம்பியிருந்தவர், வெள்ளை வேட்டியோடு சேற்றில் வயிறு படப் படுத்து, தலையையும் ஒரு கையையும் அந்தக் குகைக்குள் நுழைத்தார். கம்பு வைத்திருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அப்பா என் முகத்தைத் தம் தோளில் அழுத்தினார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு பார்த்தேன்.

உறுமல் சட்டென்று நின்றது. ஒரு கடிபடும் சத்தம் கேட்டது. பெரியப்பாவின் உடம்பு ஒரு தரம் விறைத்தது. அவர் கையை வெளியே இழுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். இழுக்கவில்லை. அப்படியே கிடந்தார். தூம்பிலிருந்து வந்த கலங்கல் தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் கலந்து ஓடியது.

"அண்ணே!" என்று அப்பா அலறினார். "கைய எடுங்கண்ணே!"

பெரியப்பா உள்ளே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எங்களிடம் அல்ல. மிகவும் தணிந்த குரல். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று என்னால் சொல்ல முடியாது. மலைமேலிருந்த மேகம் இறங்கி, வயல்களில் தூறல் போட ஆரம்பித்திருந்தது. யாரும் ஒதுங்கவில்லை. பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தார். கை வெளியே வந்தது. கையோடு செவலையின் தலையும் வந்தது. அது இன்னும் அவர் கையை வாயில் வைத்திருந்தது. ஆனால் கடிக்கவில்லை. விட்டுவிடவும் பயந்து, பற்றிக்கொண்டிருந்தது.

"வெறியில்ல," என்றார் பெரியப்பா, எழுந்து உட்கார்ந்து. "பயந்திருக்கு."

வேல்கம்புக்காரர் நாயின் வாயைப் பார்த்தார், பெரியப்பாவின் கையைப் பார்த்தார். வேல்கம்பை மெதுவாகச் சேற்றில் ஊன்றிவிட்டு, தம் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார், கையில் கட்டிக்கொள்ள. பெரியப்பா அதை வாங்கி, நாயின் கண்ணையும் காதையும் சேர்த்துக் கட்டினார். பிறகு அந்தப் பெரிய நாயை ஆட்டுக்குட்டியைப் போல இரண்டு தோள்களிலும் குறுக்காகப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது. ஊருக்குள் நுழைந்தபோது, தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் அப்பாவின் இடுப்பிலிருந்து இறங்கி, பெரியப்பாவுக்குப் பின்னால், அந்த ரத்தத் துளிகளை மிதிக்காமல் நடந்து வந்தேன். சாமி ஊர்வலத்துக்குப் பின்னால்கூட அவ்வளவு பயபக்தியோடு நான் நடந்ததில்லை.

பெரியம்மா வாசலில் நின்றிருந்தாள். கையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. உடனே வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவி, மஞ்சளை வைத்துக் கட்டினாள். அம்மாதான் பொறுக்க முடியாமல், "அக்கா, வைத்தியர்கிட்ட ஆள் விடுவோம்," என்றாள். ஆள் போனது. வைத்தியர் வந்தார். நாயைப் பார்க்க வேண்டும் என்றார். தொழுவுக்கு வெளியே நின்று பார்த்தார். செவலை ஒரு சட்டித் தண்ணீரை நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. "தண்ணி குடிக்குதுல்ல, பயப்படாதீக," என்று சொல்லிவிட்டு, ஏதோ பச்சிலை கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று அப்பாவிடம், "நாளைக்கு ஊர் பூராவும் வெடிக்கும். நாய என்ன செய்யப் போறீக?" என்று கேட்டார். அப்பா முற்றத்தில் கிடந்த பொட்டலத்தை எடுத்துப் பரண்மேல் போட்டார். எங்கள் வீட்டு வெடி பரண்மேல் போனதால் ஊர் வெடி நின்றுவிடாது என்பது எனக்கே தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டார்.

"காலையில என்னயத் தேடாதீக. எண்ணெய நீ வை."

அப்பா திகைத்துப் போனார். எங்கள் வீட்டில் தீபாவளி விடியலில் மூத்தவர் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்த பிறகுதான் மற்ற எதுவும் நடக்கும். பிறகு பங்காளிகளும் பண்ணையாட்களும் வந்து பெரியப்பாவைப் பார்த்துக் கும்பிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு போவார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படி.

"நானா? ஆளுக வருவாகளேண்ணே. என்ன சொல்றது?"

"நான் வேலையா இருக்கேன்னு சொல்லு."

வீட்டுக்கு நடுவில் நெல்லறை இருந்தது. தடித்த மண்சுவர், ஒரே ஒரு சின்ன ஜன்னல். அறுவடை முடிந்த சமயமாதலால் கூரைக்கு முட்டும்படி மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். பெரியப்பா சில மூட்டைகளை நகர்த்தி, நடுவில் ஒரு ஆள் கிடக்கும்படி ஒரு பள்ளம் செய்தார், ஒற்றைக் கையால். ஜன்னலில் வைக்கோலைத் திணித்தார். அவர் "பஞ்சு" என்று ஆரம்பிக்கும்போதே, பெரியம்மா இலவம்பஞ்சை ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அடுத்து ஒரு போர்வை. அடுத்து ஒரு மண்கலயத்தில் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் மோர்விட்டுப் பிசைந்த சோறு. அவர் எதையும் கேட்டு முடிக்கவில்லை, அவள் எதையும் தேடவில்லை. இந்த வேலையை யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. பெரியவர்கள் ஆகிவிட்டால் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

விடிவதற்கு முன்பே ஊர் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததை ஒரே காலையில் தீர்த்துவிடுவதுபோல இருந்தது. மேற்கு மலையும் கிழக்கு மலையும் மாறி மாறிப் பதில் சொல்லின. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பெரிய உருமி மேளம் போல அதிர்ந்தது. நான் நேற்றைக்கு வாயைப் பிளந்து நின்றவள், இன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டு செவலையை நினைத்துக்கொண்டேன்.

அப்பா எங்கள் தலையில் எண்ணெய் வைத்தார். பழக்கமில்லாத கையிலிருந்து பாதி எண்ணெய் என் கண்ணுக்குள் போனது. பிறகு பெரியப்பாவின் மணைப் பலகையில் அரை உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம், "அண்ணன் வேலையா இருக்காக," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளி விடியலில் அப்படி என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. முதல் நாள் சேற்றில் படுத்த கதை அதற்குள் ஊர் முழுவதும் போயிருந்தது. வந்தவர்கள் அப்பாவிடம் வெற்றிலை வாங்கிக்கொண்டு, மூடியிருந்த நெல்லறைக் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். வேல்கம்புக்காரர் மட்டும் வாசலிலேயே நின்று, தெருவில் வெடி வைக்க வந்த சிறுவர்களை, "ஏலே, அங்கிட்டுப் போயி வைங்கடா!" என்று விரட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

பெரியம்மா புதுச் சேலை கட்டிக்கொள்ளவில்லை. நெல்லறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு தட்டில் பணியாரத்தை எடுத்துக்கொண்டு பெரியப்பாவுக்குக் கொடுக்கப் போனேன். அவள் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். நான் தட்டை வைத்துவிட்டு, கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். அவள் தடுக்கவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஓட்டுச் சந்திலிருந்து விழுந்த மெல்லிய வெளிச்சத்தில், மூட்டைகளுக்கு நடுவில் பெரியப்பா காலை நீட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. செவலை அவர் மடியில், முழு உடம்போடும் ஏறிப் படுத்திருந்தது. அதன் காதுகளில் பஞ்சு அடைத்து, மேலே துண்டால் கட்டியிருந்தார். அவர் தோளைவிட்டு இறங்கி நான் பார்த்தறியாத அந்தத் துண்டு. கட்டுப் போட்ட கை நாயின் நெற்றிமேல் இருந்தது. அவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பெரிய வெடி வெடித்தது. செவலை முதல் ரோமம் முதல் கடைசி ரோமம் வரை நடுங்கியது. அப்போது அவர் பாடினார்.

வேட்டுப் போட்ட சித்தப்பன வெரட்டிட்டேன் காமு
மேக்குமல அங்கிட்டு தொரத்திட்டேன் காமு
சத்தமெல்லாம் நெல்லுக்குள்ள ஒளிஞ்சிருச்சு காமு
சாமி வந்து எழுப்புமட்டும் கண்ணுறங்கு காமு

மடைமேல் நின்று ஊரையே அடக்கிய மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று யார் நம்புவார்கள்? கரகரத்த, உடைந்த, ராகம் தெரியாத குரல். ஒவ்வொரு வெடிக்கும் அது கொஞ்சம் உயர்ந்தது. வெடி அடங்கியதும் தணிந்தது. மலையிலிருந்து இரண்டாவது சத்தம் திரும்பி வருவதற்குள் அடுத்த அடியைத் தொடங்கிவிடுவார். அதைக் கேட்கவிடாமல் மறைத்தார். செவலையின் நடுக்கம் குறையக் குறைய, அதன் தலை கனத்து அவர் தொடைமேல் சாய்ந்தது. அந்தத் தாலாட்டில் தூங்காத பிராணி எதுவும் இந்த உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. புலி வந்தாலும் தூங்கும்.

திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா சுவரோடு தலையைச் சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள். அவளும் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எனக்குக் கிடைத்தது பெரிய ரகசியம். செவலைக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. ஆண் நாய்க்குப் பெண் பிள்ளைப் பெயரை ஏன் வைத்தார் என்பது மட்டும் விளங்கவில்லை. வேட்டுப் போட்ட சித்தப்பன் யார் என்பது விளங்கிவிட்டது. செவலை பெரியப்பாவின் பிள்ளை மாதிரி; அப்படியென்றால் என் அப்பா அதற்குச் சித்தப்பாதானே? நேற்று வேட்டுப் போட்டவரும் அவர்தானே? இந்த உறவுக் கணக்கு சரியாக வந்ததில் எனக்கு ரொம்பப் பெருமை.

மத்தியானம் நெருங்கும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டு, ஊர் வெடியெல்லாம் ஓய்ந்தது. நெல்லறைக் கதவு திறந்தது. பெரியப்பா வெளியே வந்தார். வேட்டி முழுவதும் உமியும் ரோமமும். செவலை தள்ளாடிக்கொண்டு அவர் பின்னால் வந்து, கூடத்தின் ஓரமாகப் படுத்துத் தூங்கத் தொடங்கியது. காதில் பஞ்சு இல்லை. பெரியப்பா குளித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில் உட்காரலாமா என்று தயங்கி நின்றார். பெரியப்பா இலையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். அப்பா உட்கார்ந்தார். பெரியம்மா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் ஒன்றாக இருக்கும் இந்த நேரத்தில் என் ரகசியத்தைக் காட்டிவிட எனக்கு ஆசை வந்துவிட்டது. இலையில் இருந்த பணியாரத்தைக் கையில் எடுத்து நீட்டி, தூங்கும் செவலையைப் பார்த்து, "காமு!" என்று கூப்பிட்டேன்.

நாய் தலையைத் தூக்கவில்லை. பெரியப்பா தூக்கினார்.

அம்மா சட்டென்று எழுந்து என் பக்கம் வந்தாள், என் வாயைப் பொத்த வருவதுபோல. அப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பெரியம்மாவின் அகப்பையிலிருந்து சோறு இலைக்கும் சட்டிக்கும் நடுவில் தரையில் விழுந்தது. அவள் கையை நீட்டி அம்மாவைத் தடுத்தாள்.

"விடு. பிள்ளைய விடு," என்றாள். பிறகு என்னிடம் வந்து, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவள் கண்களை நான் பார்த்ததில்லை. "கூப்பிடுத்தா. இன்னொருக்காக் கூப்பிடு."

பல வருஷம் கழித்து அம்மாதான் சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்பு பெரியப்பாவுக்குக் காமாட்சி என்று ஒரு பெண் குழந்தை இருந்ததாம். வேட்டுச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுமாம். அப்போதும் வெடி வைத்தது அப்பாதானாம். இரண்டு தீபாவளிக்கு அவளை நெல்லறைக்குள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம் பெரியப்பா. மூன்றாவது தீபாவளி வருவதற்குள் மலைக்காய்ச்சலில் போய்விட்டாளாம். அதற்கப்புறம் அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அது எங்கள் குலதெய்வத்தின் பெயரும்கூட. ஆனால் எங்கள் வீட்டில் சாமி கும்பிடும்போது 'ஆத்தா' என்று மட்டும்தான் சொல்வோம்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பெரியம்மா கேட்கிறாள், பெரியப்பா சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நாயோ திரும்பக்கூட மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து வெடித்த வெடியில் செவலைக்குக் காது மந்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.